சாட்சிக் கையெழுத்து

சிங்கப்பூரிலே டோபி காட் என்று ஓரிடம் உண்டென்பதை இந்நகரத்து நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தோட்டப்புறங்களிலிருந்து ஒருநாள் வந்து திரும்பும் அன்பர்களும் ஆர்ச்சர்டு ரோட்டின் அந்தக் கோடியில் நின்று கத்தே கட்டடத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். டோபி என்பது வண்ணாரைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். காட் என்பது துறை. ஆகவே வண்ணார் துறை என்பதே அப்பெயரின் நேர்ப் பொருள். முற்காலத்திலே அங்கு ஓர் ஓடை திறந்து ஓடிற்று. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அதிலே துணி துவைத்து, இப்பொழுது ஒய்.எம்.சி.ஏ. நிற்கும் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். ஓடை மூடப்பட்டது, புல்வெளி மறைந்தது, துவைத்தவர்களும் போனார்கள். பெயர் மட்டும் போகவில்லை. ஊரிலே தெருவுக்கு வெளியே ஒதுக்கி வைத்த ஒரு கூட்டத்தாரின் தொழிற்பெயர், ஜனாதிபதி மாளிகையின் வாயிலுக்கு அண்டையிலே, இரயில் நிலையத்துப் பலகையில் தமிழிலும் எழுதப்பட்டு விளங்குவதைக் காணுந்தோறும் எமக்கு ஒரு சிறு களிப்பு உண்டாகிறது.

அக்களிப்புக்குக் காரணம் உண்டு. எமது பாட்டனார் அவ்வோடையிலே துவைத்தவர். எமது உறவினர் சிலர் இதைச் சொல்ல நாணி, "தாத்தா ஜவுளி வியாபாரம் செய்தார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்கள். ஜவுளியோடு அவருக்குச் சம்பந்தம் இருந்தது உண்மையே. ஆனால் அது பிறர் ஜவுளி.

எமது தந்தையாரும் அத்தொழிலையே வேறோர் உருவில் செய்தார். இந்நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். பாட்டனார் வெள்ளாவி வைத்த இடத்தில் இவருக்கு நீராவி இயந்திரம்; சேங்கொட்டைச் சாற்றால் வண்ணார் குறி போட்ட இடத்தில் இவருக்கு வார்டு எண் அச்சிட்ட முத்திரை. அறுவைக்கூடத்துப் போர்வைகளும் பிரசவ வார்டுத் துணிகளும் மூட்டை மூட்டையாக வரும். இரத்தக்கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரிலேதான் அலசவேண்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பதை எமக்குச் சிறு வயதிலேயே அவர் கற்பித்தார். "ஊரிலே இதற்குத் தீட்டுத்துணி என்று பெயர். இங்கே லினன் என்கிறார்கள். கறை ஒன்றுதான்" என்பார். டாக்டர்களின் வெள்ளை அங்கிகளையும் அவர் துவைத்தார். அவற்றுள் மாணவர் அங்கிகளை எளிதில் கண்டுபிடித்துவிடுவாராம். "பை நிறையக் காகிதத் துண்டு இருந்தால் அது படிக்கிற பிள்ளை" என்பது அவர் கணக்கு.

அந்தப் படிக்கிற பிள்ளைகளைப்பற்றியே இங்கே எழுதப் புகுந்தோம்.

1904-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டான் ஜியாக் கிம் என்னும் சீனத் தனவந்தரின் தலைமையில் இந்நகரத்துப் பிரமுகர்கள் கவர்னருக்கு ஒரு விண்ணப்பம் செய்தார்கள். இந்நாட்டுப் பிள்ளைகள் இந்நாட்டிலேயே வைத்தியம் கற்க ஒரு பாடசாலை வேண்டும் என்பது கோரிக்கை. பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரண்டது. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் ஒருவரே கொடுத்தது. 1905-இல் சிப்பாய் லைன்ஸ் என்னும் இடத்தில், பெண் பைத்தியக்காரர் விடுதியாக இருந்த பழைய கட்டடத்தில், 23 மாணவர்களுடன் பாடசாலை தொடங்கிற்று. 1910-இல் முதல் எழுவர் தேறி வெளிவந்தனர். 1921-இல் அது ஏழாம் எட்வர்ட் அரசர் வைத்தியக் கல்லூரியாயிற்று. 1949-இல் ராபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்த வழியில் வந்ததே இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி.

அப்பாடசாலையை அந்த இடத்தில் வைத்ததற்குக் காரணம் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்ததுதான். வைத்தியக் கல்வி மற்றக் கல்விகளைப் போன்றதன்று. சட்டம் கற்கப் புத்தகம் போதும். கணக்குக் கற்கக் கரும்பலகை போதும். வைத்தியம் கற்க நோயாளி வேண்டும். ஆகவே உலகில் எங்குமே வைத்தியக் கல்லூரி தனியே நிற்பதில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் தோளைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. இந்த உண்மையை ஒருவன் டோபி காட் நிலையத்தின் அடியில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். மூன்று இரயில் பாதைகள் அங்கே கூடுகின்றன. வடகிழக்குப் பாதையில் தெற்கே மூன்றாவது நிலையம் ஊட்ரம் பார்க்; அங்கே பொது ஆஸ்பத்திரியும், அதன் வளாகத்திலேயே டியூக்-என்.யூ.எஸ். மருத்துவப் பள்ளியும் இருக்கின்றன. வேறொரு பட்டம் பெற்றவர்களைச் சேர்த்து வைத்தியராக்கும் அப்பள்ளி 2007-இல் முதல் மாணவரை எடுத்தது. வடக்கு தெற்குப் பாதையில் நான்காவது நிலையம் நொவீனா. அங்கே டான் டொக் செங் ஆஸ்பத்திரியும், இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் கூட்டுறவோடு தொடங்கி 2013-இல் முதல் மாணவரைச் சேர்த்த லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. வட்டப் பாதையிலோ, ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு சென்றால் கெண்ட் ரிட்ஜ் வரும். யோங் லூ லின் பள்ளி தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியோடு சேர்ந்து அங்கே இருக்கிறது. வண்ணார் துறையிலிருந்து புறப்பட்டு எந்தப் பாதையில் ஏறினாலும் ஒரு மருத்துவப் பள்ளியைச் சென்றடையலாம் என்பது எமது தந்தையாருக்கு மிகவும் பிடித்த செய்தி. வீட்டுக்கு வரும் விருந்தினர்க்கெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்.

எதிர்த்திசையில் ஒரே நிலையம் சென்றால் லிட்டில் இந்தியா. அங்கிருந்து நடந்தால் நம்மவர் கேகே என்றழைக்கும் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. எருமைக் கொட்டில் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். 1924-இல் ஏழைகளுக்கு இலவசப் பிரசவ ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்ட அவ்விடத்தில், 1966-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தொகை என்று பதிவாயிற்று. எமது தமக்கையாரும் நாமும் பிறந்தது அங்கேதான். மாணவர்களும் மருத்துவச்சிகளும் நிறைந்திருந்த அவ்வார்டுகளில் எம்மை ஏந்திய கை கற்றுத் தேர்ந்த கையோ, கற்றுக்கொண்டிருந்த கையோ, யாரறிவார்? "கேட்டார்களா அம்மா?" என்று ஒருகால் அன்னையாரை வினவினோம். "வலியிலே யார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன" என்றார்.

இங்குதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. வைத்தியக் கல்விக்குப் பணம் கொடுத்தவர் பெயர் கல்லிலே நிற்கிறது. உடம்பைக் கொடுத்தவர் பெயர் எங்கே நிற்கிறது? அவர்களைப் பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை.

தோட்டத்து அன்பர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்லுகிறோம். நம்மவர் புழுங்கலரிசி உண்பதைப் பச்சரிசிக்காரர் இகழ்ந்ததுண்டு. நூறாண்டுக்கு முன் இம்மலாயாவிலே பெரிபெரி என்னும் நோய் சுரங்கத் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. கால் வீங்கும், மரத்துப்போகும், இருதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் செத்து விழ, புழுங்கலரிசி உண்ட தமிழ்க் கூலிகள் பெரும்பாலும் தப்பினார்கள். இதை உற்று நோக்கியவர் பிராடன் என்னும் அரசாங்க வைத்தியர். பின்னர் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். வெள்ளையரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அச்சத்தே பி-1 வைட்டமின் என்பதும் பிற்பாடு விளங்கின. எத்தனையோ உயிர்களைக் காத்த ஆராய்ச்சி இது, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பைத்தியக்காரர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அவர்கள் பெயரும் யாருக்கும் தெரியாது. வாய் பேச முடியாதவன் உடம்பிலிருந்துதான் அந்த அறிவு வந்தது.

உடலறுத்துக் கற்பதிலும் கதை இதுவே. 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்னும் வைத்திய ஜாதியார், வைதீகர் காதைப் பொத்திக்கொள்ளும்படி மனித உடலை அறுத்தார். அவர் கத்தியெடுத்ததை நாம் புகழ்கிறோம். அக்கத்தியின் கீழ்க் கிடந்தது யார் என்று கேட்டோமில்லை. எந்த ஊரிலும் நெடுங்காலம் மேசைமேல் கிடந்தவை கேட்பாரற்ற உடல்களே. ஆஸ்பத்திரியில் இறந்து, உற்றார் தேடி வராத கூலி, மாலுமி, பிச்சைக்காரன். ஆகவேதான் நம்மவர் மனத்தில் அந்த மேசை என்றால் அநாதை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இதை வெறும் மூடத்தனம் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஏழைக்கு வரலாறு ஞாபகம் இருக்கிறது; அவ்வளவே.

சிங்கப்பூரில் 1972-இல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும், தாம் இறந்தபின் தம் உடலைச் சிகிச்சைக்கோ கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ உதவும்படி எழுதிவைக்கலாம். இதை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர் பலர். அது வேறு: மறுப்பு எழுதித் தராதவர்களிடமிருந்து பிறருக்குப் பொருத்தச் சில உறுப்புகளை எடுத்துக்கொள்ளும் சட்டம் அது. முழு உடலை மாணவர் கற்கக் கொடுப்பது அதில் அடங்காது.

எமது தந்தையார் கையெழுத்திட்டார். எழுபத்தாறாம் வயதில், சமையலறை மேசைமேல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் படிவத்தை எமக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "அப்பன் துறையிலே துவைத்தான், நான் மெஷினிலே துவைத்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் காட்டவில்லை. என்னைப் பார்த்து நாலு பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்" என்றார். சாட்சிக் கையெழுத்தை நாமே இட்டோம். பெருமையோடு இட்டோம். புரோகிதரில்லாத் திருமணங்கள் பலவற்றை முன்னின்று நடத்திய கையல்லவா!

ஐந்தாண்டு கழித்து ஒரு நள்ளிரவில், மூன்று மணி அளவில், வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. உடலைப் பதப்படுத்தத் தாமதம் ஆகலாகாது. விரைவில் தெரிவிக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தோம். தொலைபேசி எண் சுவரிலிருந்த பாட்டனார் படத்தின் பின்னே செருகியிருந்தது. அதை எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டோம். அதற்குள் அத்தை வந்துவிட்டார். "என் அண்ணன் என்ன அநாதையா? நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் இல்லையா? நீங்கள் எல்லாரும் இல்லையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மைத்துனர் கோபிக்கவில்லை, மெல்ல, "நாளைக்கு ஊர் கேட்டால் நீதான் பதில் சொல்லவேண்டும்" என்றார். விடிந்தது. எண் கையிலேயே இருந்தது. அடுக்குமாடியின் கீழே பந்தல் போட்டார்கள். மறுநாள் மண்டாயில் தகனம் நடந்தது. பதினாறாம் நாள் கருமாதியும் குறைவின்றி நடந்தது. எமது வாழ்நாளில் பிறர் வீட்டுச் சடங்குகளைப்பற்றி நாம் செய்த பிரசங்கங்களையெல்லாம் கேட்டிருந்த அன்பர் ஒருவர், இலையில் அமர்ந்து உண்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கைகழுவிச் சென்றார்.

அத்தையைக் குறை கூறி இதை எழுதவில்லை. அவர் தம் அண்ணனை நேசித்தார், நம்பியதைச் சொன்னார். மைத்துனரும் உலகம் சொல்வதைச் சொன்னார். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர் நாம்.

இது நடந்து மூன்றாண்டுக்குப் பின் நாமே வயிற்று நோயால் ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்க நேர்ந்தது. ஒருநாள் காலை பேராசிரியர் ஆறேழு மாணவர்களுடன் வந்து, எமது கட்டிலைச் சுற்றி நின்று, எமது கல்லீரலைப்பற்றி ஆங்கிலத்தில் எமக்கே கேட்கும்படி பேசிவிட்டுச் சென்றார். சற்று நேரம் கழித்து அக்கூட்டத்தில் இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி தனியே திரும்பி வந்தாள்.

"ஐயா, நான் இன்னும் படிக்கிறவள்தான். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா? வேண்டாம் என்றாலும் பரவாயில்லை" என்றாள்.

கேட்டாள்! தொடுமுன் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். விலாவின் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, கல்லீரலின் விளிம்பு விரலில் வந்து முட்டுவதற்காகக் காத்திருந்தாள். "இந்த இடம் உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்று கேட்டோம். முதலாண்டில் ஒருவரிடம் கற்றதாகச் சொன்னாள். அவர் உயிரோடிருந்தபோதே தம் உடலை எழுதிக் கொடுத்தவர். மௌன ஆசான் என்று அவர்களைக் குறிப்பிடுவதாம். பாடம் முடிந்தபின் தகனம் செய்து, குடும்பத்தார் விரும்பினால் சாம்பலைக் கொடுப்பார்களாம்.

"பயமாயிருந்ததா?"

"பயமில்லை ஐயா. முதல் நாள் அவர் கையைத்தான் பார்த்தேன். நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. அவராலே முடிந்திருக்காது, யாரோ வீட்டிலேதான் வெட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் என்னால் கொஞ்ச நேரம் குனிந்து பார்க்க முடியவில்லை."

எமது தந்தையார் இறந்த வாரத்தில் அவர் நகங்களை நாமே வெட்டினோம். கட்டைவிரல் நகம் சலவைச் சோடாவினால் தடித்து மஞ்சளாயிருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால்தான் வெட்ட வரும். இதை அப்பெண்ணிடம் நாம் சொல்லவில்லை. எந்த ஊர் என்று அவள் கேட்டபோது டோபி காட் என்றுமட்டும் சொன்னோம். "அங்கேதான் நான் தினமும் இரயில் மாறுகிறேன்" என்று சிரித்தாள்.

வீடு திரும்பியதும் படிவம் ஒன்றை வருவித்து எழுதி முடித்தோம். எழுதுவது பெரிதன்று, அதை ஐந்து நிமிஷத்தில் யாரும் செய்துவிடலாம். அந்த இரவில் எண்ணைக் கையில் எடுக்கப் போகிறவர் யார் என்பதே கேள்வி. எமக்கு மக்களில்லை, தமக்கையார் ஒருவரே உண்டு. அவர் லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் டோபி காட் நிலையத்தில் சந்தித்தோம். நகரும் நடைபாதைகள் முடியும் இடத்தில், சுவரோரமாக நின்றபடியே விஷயத்தைச் சொல்லிப் படிவத்தைக் கொடுத்தோம். கீரைக்கட்டு எட்டிப் பார்க்கும் பையைத் தரையில் வைத்துவிட்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார்.

"அப்பாவுக்கு நீ செய்யாததை உனக்கு என்னைச் செய்யச் சொல்கிறாயா?" என்றார்.

நாம் விடை சொல்லவில்லை. ஒரு வண்டி வந்து நின்றிருக்க வேண்டும். ஜனங்கள் திரளாக எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் போய் முடியும்வரை தமக்கையார் படிவத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்களா?"

"கேட்டுச் சொல்கிறேன், அக்கா."

"கேள். எண்ணைப் பெரிதாக எழுதிக்கொடு. கண்ணாடி இல்லாமல் எனக்கு இப்போதெல்லாம் எழுத்துத் தெரிவதில்லை" என்று சொல்லி, படிவத்தை மடித்துக் கீரைக்குப் பக்கத்திலே செருகிக்கொண்டார்.